முதலில் எந்தக் கால்

நம் வயசுக்காரர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டி வலியையும் சர்க்கரையையும் பேசிப் பேசி நமக்கே அலுத்துவிட்டது. நான் ஒரு பொம்மைப் படத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

போன லீவுக்கு என் அக்காவின் கொள்ளுப்பேத்தி பாலக்காட்டிலிருந்து வந்திருந்தாள். எட்டு வயது, வாய் மட்டும் எண்பது. கைபேசியில் ஏதோ பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இங்க பாருங்க, இவன் சட்டையில மூணு பட்டன். இப்ப பாருங்க, ரெண்டுதான்!" இப்படித் தப்புக் கண்டுபிடிப்பதற்கென்றே உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். படம் வரைந்தவர்கள் மூலையில் ஒளித்து வைத்ததையெல்லாம் தோண்டி எடுத்துப் பட்டியல் போடுகிறார்களாம். எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இதெல்லாம் இல்லல்ல?" என்று ஒரு கேள்வி. எனக்குச் சுருக்கென்றது.

"இருந்துது" என்றேன். அவள் அடுத்த தப்பைத் தேடப் போய்விட்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களில் சிலருக்காவது அந்த வண்டி ஞாபகம் இருக்கும்.

மட்டாஞ்சேரியில் முனிசிபாலிட்டி லைன் வீடுகளில் எங்களுடையது கடைசி வீடு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக்கூரை. முன்னால் மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகள், பின்னால் பச்சை பிடித்த கால்வாய். காற்று முன்னாலிருந்து வந்தால் தும்மல் வரும், பின்னாலிருந்து வந்தால் குமட்டும். இந்த இரண்டு வாசனையையும் அடக்கிவிடுகிற மூன்றாவது வாசனை எங்கள் அப்பாவுடையது. அவருக்கு முனிசிபாலிட்டியில் கொசு எண்ணெய் அடிக்கிற வேலை. முதுகில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்து மறு கையால் குழாயைப் பிடித்து, சாக்கடை சாக்கடையாகக் கறுப்பு எண்ணெய் தெளித்துக்கொண்டு போவார். டக், ஸ்ஸ். டக், ஸ்ஸ். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டாலே அம்மா உலையில் அரிசி போடுவாள். மணலும் சவுக்காரமும் போட்டுத் தேய்த்தாலும் அவர் நகக்கண்ணில் கறுப்பு போகாது. அவர் பிசைந்து ஊட்டிய சோற்றில்கூட அந்த எண்ணெய் வாடை இருக்கும், நாங்கள் முகம் சுளிக்காமல் தின்போம்.

கொசு அவ்வளவு பெரிய விஷயமா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கலாம். உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே யானைக்கால் வந்தவர்கள் நாலைந்து பேர். ஊர்ப்பேச்சில் அதை மந்து என்போம். சாயாக்கடைக்காரர் ஒரு காலைப் பெட்டியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் சாயா ஆற்றுவார். வெளியூர்க்காரர்கள் 'கொச்சிக் கால்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கொச்சியில் பெண் எடுக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார்கள். பெண்ணை ஈரத் தரையில் நடக்கவிட்டுச் சுவடைப் பார்த்தவர்களும் உண்டு.

இந்த மந்தைப் பற்றித்தான் அந்தப் படம். மழை ஓய்ந்த மாதங்களில் சுகாதார இலாகா வண்டி வரும். இருட்ட ஆரம்பித்ததும் ஏதாவது ஒரு மைதானத்தில் வெள்ளைத் திரையைக் கட்டிக் கொசுப் படம் போடுவார்கள். திரை கட்டுகிற வேலை எண்ணெய் அடிக்கிறவர்கள் தலையில். ஒரு மூலைக் கயிறு எப்போதும் அப்பா கையில் இருக்கும், காற்று வீசினால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்பா போகிற இடம் என்பதால் அம்மா எங்களை விடுவாள். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினைந்து. அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. குழாயடியைத் தவிர அவள் வாசற்படி தாண்டுவது இந்தப் படத்துக்குத்தான். ஒரு நாள் கடலோரம், ஒரு நாள் படகுத்துறைப் பக்கம், ஒரு நாள் சந்தை. அந்த ஒரு பருவத்தில் அதே பத்து நிமிஷப் படத்தைப் பன்னிரண்டு தடவை பார்த்தோம்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குடும்பம், ஒரு தென்னை, முற்றத்தில் தண்ணீர் தேங்கிய சிரட்டை. குடை பிடித்துக்கொண்டு வருகிற தொப்பைக் கொசு ஒன்று. அது வீட்டுக்காரியைக் கடிக்கும், அவளுக்குக் கால் வீங்கும், டாக்டர் வருவார், மாத்திரை தருவார். கடைசியில் எல்லோரும் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டுக் கைகோத்து ஆடுவார்கள். மூன்றாவது தடவையிலேயே எங்களுக்குக் கதை தேய்ந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வது? தப்புத் தேட ஆரம்பித்தோம்.

முதல் தப்பு நான் கண்டது. தென்னையில் நாலு தேங்காய், கொசு வந்து போனதும் ஐந்து. "கொசு முட்டையிட்டிருக்கும்டி" என்று அக்கா சிரித்தாள். அப்புறம் டாக்டரின் மூக்குக்கண்ணாடி. உள்ளே நுழையும்போது இருக்கும், குனிந்து பார்க்கும்போது இருக்காது, நிமிர்ந்தால் மறுபடி வந்துவிடும். வீட்டுக்காரர் வேட்டிக் கரை ஒரு காட்சியில் காணாமல் போகும். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போடுவோம், என் பக்கம் ஒரு வரிசை, அக்கா பக்கம் ஒரு வரிசை. என் வரிசைதான் நீளம். எனக்கு அதில் தலைக்கனம்.

ஒரு நாள் திரும்பி வரும்போது அக்கா மெதுவாகக் கேட்டாள். "குட்டி, ஜன்னல்ல ஒரு பொண்ணு இருக்கே, அத நீ பாத்தியா?"

"எந்த ஜன்னல்?"

"அந்த வீட்டு ஜன்னல். உள்ள இருட்டுல ஒரு முகம். கொசு வரும்போதும் இருக்கா, டாக்டர் வரும்போதும் இருக்கா. யாரும் அவகிட்ட பேசல, அவளும் வெளிய வரல. ஆனா கடைசியில எல்லாரும் ஆடறாங்க இல்ல, அப்ப ஜன்னல் காலி."

நான் நம்பவில்லை. அடுத்த தடவை ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருந்தாள்! உள்ளங்கை அளவு முகம், இரண்டு பின்னல், கம்பியைப் பிடித்த இரண்டு கை. கடைசிக் காட்சியில் கம்பி மட்டும் இருந்தது.

"அவ எங்க போனா?" என்றாள் அக்கா. "வரஞ்சவரு மறந்துட்டாரு போல" என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அக்கா வரிசையில் அன்று ஒரே ஒரு கோடுதான் போட்டோம். அதைப் பத்தாக எண்ணிக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் என் அற்பத்தனம் எனக்கே பொறுக்கவில்லை.

அதற்குப் பதிலடியாக நான் பெரிதாக ஒன்று கண்டுபிடிக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டேன். கிடைத்தது. வீட்டுக்காரி குடத்தோடு நொண்டிக்கொண்டு வருவாள், வீங்கியிருப்பது வலது கால். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டாக்டரிடம் நீட்டுவாள், வீங்கியிருப்பது இடது கால். பதினொரு தடவை பார்த்தும் கண்ணில் படாதது படகுத்துறை மைதானத்தில் பன்னிரண்டாவது தடவையில் பட்டது. படத்தின் ஒலிப்பெட்டி அன்று கெட்டுப்போயிருந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்து, இந்தச் சகோதரியின் காலைப் பாருங்கள் என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்று கத்தினேன்.

"கால் மாறிப்போயே! கால் மாறிப்போயே!"

பிறகு மைதானமே சிரித்தது. ரீலைத் திருப்பிப் போடச் சொல்லி விசில் அடித்தார்கள். மந்துக்காரர் ஒருவர் தன் காலைத் தட்டி, "எண்டெ காலும் ஒந்நு மாற்றித் தரோ சாரே?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அன்று சொல்ல வேண்டிய எதையும் சொல்ல முடியவில்லை. மைக்கை வைத்துவிட்டு, "இது ஆருடெ குட்டியா?" என்றார். திரையின் மூலையில் கயிறு பிடித்துக்கொண்டிருந்த அப்பா, பிடியை விடாமல் மறு கையை உயர்த்தினார். வகுப்பில் தப்புச் செய்த பிள்ளை கை தூக்குவது மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அறைந்தார். அதுவரை அப்பா என்னை அடித்ததில்லை. கன்னத்தில் எண்ணெய் வாடை இரண்டு நாள் இருந்தது. "கண்ணுல பட்டதெல்லாம் வாயால சொல்லணும்னு இல்ல. பாத்தா பாத்ததோட இரி. மனசிலாச்சா?" என்றார். இனிமேல் பிள்ளைகளைக் கூட்டி வரக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் உத்தரவாம். என்னால் அக்காவின் படமும் நின்றது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, என் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்.

மறுநாள் சாயாக்கடையில் படம் ஓட்டுகிற சேட்டன் என்னைக் கூப்பிட்டார். விரல் நுனியெல்லாம் விளக்குச் சூட்டில் காய்த்துப்போனவர். அறுந்த பிலிமை ஒட்டுகிற பசையால் அவர் மேல் எப்போதும் வாழைப்பழ வாசனை வீசும். "ஏழு கொல்லமாயிட்டு ஞான் இது ஓடிக்குன்னு, மோளே. ஆரும் கண்டிட்டில்ல. ஞானும் கண்டிட்டில்ல" என்று என் கையில் ஒரு துண்டுப் பிலிமை வைத்தார். ஏழு வருஷமாக ஓட்டுகிறவர் கண்ணிலேயே அந்தத் தப்பு பட்டதில்லையாம். நேற்று அந்த இடத்திலேயே அறுந்ததாம். வெட்டி எடுத்த துண்டில் ஐந்து படம், மூன்றில் வலது கால், இரண்டில் இடது கால். வெளிச்சத்தில் பிடித்தால் ஐந்திலும் அந்த ஜன்னல், ஐந்திலும் அந்தப் பெண். அக்கா அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

அந்த வாரம் அவளுக்குத் தொண்டை வலி. கஞ்சிகூட இறங்கவில்லை. அது சரியாகி எழுந்து நடமாடியவள், பத்துப் பதினைந்து நாள் கழித்துக் காய்ச்சலில் விழுந்தாள். ஒரு நாள் காலையில் கால் ஊன்ற முடியவில்லை. வலது கணுக்கால் ஆப்பம் மாதிரி உப்பிச் சிவந்திருந்தது. போர்வை பட்டாலே அலறினாள்.

அம்மா அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கொச்சியில் காய்ச்சலும் கால்வீக்கமும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே பெயர்தான், யாரும் இரண்டாவது பெயரை யோசிக்க மாட்டார்கள். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை, பாலக்காட்டில் இருந்த அத்தையின் மகன், அதாவது அப்பாவின் சொந்தத் தங்கை மகன். சொந்தம் என்றாலும் அத்தை, "கொச்சியில இருந்து எடுக்கறேன், காலப் பாத்துட்டுத்தான் பரிசம்" என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"கொசு எண்ணெய்க்காரன் வீட்டுக்குள்ளயே மந்துன்னா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றாள் அம்மா. அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வெறும் காய்ச்சல் என்றாள். அவர் விடியுமுன் போய் விளக்கு வைத்த பிறகு வருகிறவர், போர்வைக்குள் இருந்த காலை நாலு நாள் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வலது கால் வற்றிவிட்டது. வீங்கியது மாதிரியே இல்லை. அம்மா கும்பிட்டு முடிக்குமுன் இடது கால் வீங்கியது.

நான் அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தேன். "அம்மா, படத்துல மாதிரியே கால் மாறிப்போச்சு!" அம்மா என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். "ஒரு காலுன்னாலே எவனும் கட்டமாட்டான், ரெண்டு காலும்னு சொல்லப் போறியா? அப்பாகிட்ட வலது கால் பேச்ச எடுத்தே, நாக்குல சூடு வெச்சிருவேன்." இரண்டு கால் என்றால் இரண்டு மடங்கு மந்து என்பது அவள் கணக்கு. மாறுகிறது என்பதுதான் விஷயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? எனக்கு அது ஒரு தப்பு, சுவரில் போட ஒரு கோடு.

அன்று சாயங்காலம் அக்காவின் அலறலை மறைக்க முடியாமல் அம்மா அப்பாவிடம் இடது காலைக் காட்டினாள். அப்பா குனிந்து பார்த்தார். வலது காலையும் தொட்டுப் பார்த்தார். பின்பக்கம் போய்க் கை கழுவ உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளே, இங்க வா. அம்மா இடது காலுங்கறா. முதல்லயே இடது காலா?"

நான் கால்விரலால் மணலைக் கிளறினேன்.

"எத்தனையோ பேரு கால நான் பாத்திருக்கேன். மந்து வந்த கால விட்டு எறங்காது. இது எறங்கி ஏறுன மாதிரி தோணுது. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. சொல்லு, முதல்ல எந்தக் கால்?"

அவர் குரலில் கோபமே இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அம்மா மிரட்டியிருந்தாள் என்று நான் ரொம்ப வருஷம் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். அம்மாவின் சூட்டுக்கோலுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை நான். கன்னத்தில் வாங்கியதுதான் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. வீம்பு, வேறென்ன?

"நான் ஒண்ணும் பாக்கல" என்றேன். "பாத்தா பாத்ததோட இரின்னு நீங்கதானே சொன்னீங்க."

அப்பா மறுபடி மணலை அள்ளிக் கை தேய்க்க ஆரம்பித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாரம் வீடு வீடாக ரத்தம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். மந்துக் கிருமி இரவில்தான் ரத்தத்தில் தெரியும் என்பதால் ஊர் அடங்கின பிறகு வருவார்கள். விரலில் ஊசி குத்திக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு, பேரை நோட்டில் எழுதுவார்கள். லாந்தரைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக அவர்களைக் கூட்டிப் போனது அப்பாதான். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும், "இவிடெ எல்லாம் எடுத்தாச்சு சாரே" என்று சொல்லித் தாண்டிப் போய்விட்டார். நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எடுத்திருந்தால் அந்த ரத்தத்தில் மந்து இல்லை என்றாவது தெரிந்திருக்கும். ஊர் முழுக்கக் கொசுவைத் துரத்திய மனுஷர் தன் வீட்டு வாசலில் வெளிச்சம் விழாமல் லாந்தரைத் திருப்பிக்கொண்டார்.

வீக்கம் இடது காலிலிருந்து முட்டிக்குப் போனது, முட்டியிலிருந்து கை மணிக்கட்டுக்கு. பிறகு ஒரு மாதத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. அம்மா வேண்டுதலை நிறைவேற்றினாள். அக்கா எழுந்து நடமாடினாள். ஆனால் குழாயடியிலிருந்து குடத்தோடு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். அவள் கழுத்து நரம்பு துள்ளுவது எனக்குத் தெரிந்தது. ஒரு மத்தியானம், "குட்டி, இங்க காத வெச்சுக் கேளு, என்ன தப்புன்னு கண்டுபிடி" என்று என் தலையைத் தன் நெஞ்சில் அழுத்தினாள். கேட்டேன். டக், ஸ்ஸ். டக், ஸ்ஸ். அப்பாவின் பம்பு மாதிரியே. இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள், மூச்சு வாங்கியது.

மார்கழியில் அத்தை வந்தாள். காபியைக்கூடத் தொடவில்லை. அக்காவை முக்காலியில் உட்காரவைத்து, மடியிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தாள். வலது கணுக்காலைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டாள். அதே முடிச்சை இடது கணுக்காலில் வைத்துப் பார்த்தாள். அம்மாவின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முடிச்சு அச்சாகப் பொருந்தியது. "அண்ணா, குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. என் மருமக காலு சிற்பி செதுக்குனது" என்று அத்தை அக்காவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அத்தை கெட்டவள் இல்லை. நூல் போட்ட இடம்தான் தப்பு. இரண்டு முழம் மேலே ரவிக்கை படபடத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். வழக்கம்போல் பார்த்ததோடு இருந்தேன்.

தையில் கல்யாணம் நடந்தது. ரயில் ஏறுமுன் அக்கா அந்தப் பிலிம் துண்டைக் கேட்டாள். "ஜன்னல் பொண்ண நான் கொண்டு போறேன். நீதான் பத்துக் கோடு தரலயே, இதையாவது தா." கொடுத்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஏழாம் மாதத்தில் அவளைக் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு. அக்காவால் படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கியிருந்தன. அம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா? கூட வந்த அத்தையின் கண்ணில் படாமல் சேலையை இழுத்துக் காலை மூடினாள்.

இரண்டாம் நாள் அப்பா யாரையும் கேட்காமல் கைவண்டி கொண்டுவந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டரம்மா குழலை நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். வராந்தாவுக்கு வந்து அம்மாவிடம் மலையாளத்தில் விசாரித்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்ததா, கால் வீங்கியதா, ஒரு காலில் வீங்கி அது வற்றி மறு காலுக்குப் போனதா?

"இல்ல டாக்டரே, அங்ஙனெ ஒந்நுமில்ல" என்றாள் அம்மா. மந்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். பக்கத்தில் அத்தை நின்றிருந்தாள்.

வெந்நீர்க் கூஜாவைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்ற நான் வாயைத் திறந்தேன். "வந்துது. முதல்ல வலது கால். நாலு நாள்ல அது வத்திட்டு இடது கால். அப்புறம் முட்டி. அப்புறம் கை. அதுக்கு முன்னாடி தொண்ட வலி." பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னேன். வரிசைகூடப் பிசகவில்லை.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். இது மந்தில்லை, மூட்டுக்கு மூட்டு தாவுகிற காய்ச்சல், மூட்டை விட்டுவிடும், நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னார். அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் மாதா மாதம் ஊசி போட்டு வைத்திருக்கலாம், இப்படி ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு பிள்ளை பெற விட்டிருக்க மாட்டோம் என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை என்னென்னவோ கத்தினாள்.

அப்பா கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து, என் கையிலிருந்த கூஜாவை வாங்கிக்கொண்டார். "அன்னைக்குக் கேட்டேனே, பிள்ளே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பத்து நாளில் குறைமாதத்தில் பிரசவம் ஆனது. ஆண் குழந்தை, அது மட்டும் பிழைத்துக்கொண்டது. அக்காவுக்குப் பத்தொன்பது வயது முடியவில்லை. அவள் பெட்டி பாலக்காட்டிலிருந்து திரும்பி வந்தபோது துணிகளையெல்லாம் உதறித் தேடினேன். பிலிம் துண்டு இருந்தது, ஒரு ரவிக்கைத் துணியில் சுற்றி. ஈரத்தில் படமெல்லாம் துணியோடு ஒட்டி உரிந்துவிட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன், காலும் இல்லை, ஜன்னலும் இல்லை, பழுப்புத் தகடுதான்.

அந்த வருஷமும் மழை ஓய்ந்து வண்டி வந்தது. அப்பா திரை கட்டப் போனார். நான் போகவில்லை. அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகள் அப்படியே இருந்தன, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற வரை அம்மாவும் அதைத் தொடவில்லை.

அப்பா அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் இருந்தார். என்னை ஒரு நாளும் கடிந்துகொள்ளவில்லை, என் கல்யாணத்தில் அவர்தான் அதிகமாக அழுதார். ஆனால் கடைசிக் காலத்தில் கண் மங்கி, எதிரில் வருவது யார் என்று தெரியாமல் தடுமாறியபோதுகூட, பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டு யார் வருகிறது என்று கேட்பார். என்னிடம் எதையும் பார்த்தியா என்று அவர் அப்புறம் கேட்டதே இல்லை.